கார் போர்ச் ஒழுகுதா? முதலில் மேலே பாருங்கள்!

ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கினால் மார்ச் வரை விடாது. 2006 டிசம்பரில் சிகாமட்டும் கோத்தா திங்கியும் மூழ்கியதை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2023 மார்ச்சில் மாநிலம் முழுவதும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்கினார்கள். வெள்ளம் வாசலைத் தொடாத வீடுகளுக்கும் மழை வேறு வழியில் வருகிறது. அதுதான் கார் போர்ச்சின் கான்கிரீட் கூரை.

போர்ச் என்பது கார் நிறுத்த மட்டுமா? துணி காய்வதும் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதும் அங்கேதான். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு நாற்காலி போடுவதும் அங்கேதான். அதனால் கூரையில் ஒரு மஞ்சள் கறை தெரிந்தால் அதைச் சும்மா விடாதீர்கள்.

நம்மில் பலர் செய்வது என்ன? ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு டின் சாயம் வாங்கி, கறை மேல் பூசிவிடுகிறோம். தண்ணீர் இறங்குவது மேலே, மருந்து போடுவது கீழே! இரண்டு மழையில் சாயம் கொப்பளித்து உரிந்துவிடும். உள்ளே போன நீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த இரும்பு பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். பிறகு ஒருநாள் துண்டு துண்டாகக் கீழே விழும். காரின் மீது விழுந்தால் பணம் போகும், பிள்ளையின் தலையில் விழுந்தால்?

கூரையின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி படிந்திருக்கிறதா? கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் ஊடுருவி வருகிறது என்பதற்கு அது அடையாளம்.

கசிவு எங்கிருந்து என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. மழை இல்லாத நாளிலும் சொட்டினால், மாடிக் குளியலறைக் குழாயையோ ஏர்கோன் வடிகுழாயையோ சந்தேகப்படுங்கள். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்து வையுங்கள். காலையில் எண் கூடியிருந்தால் எங்கோ குழாய் ஒழுகுகிறது. தரையில் ஓதம் அடித்தால், ஒரு பிளாஸ்டிக் விரிப்பை நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். விரிப்புக்கு அடியில் நீர் கோத்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேற்பக்கம் மட்டும் வியர்த்தால் அது காற்றின் ஈரம். அதற்குக் காற்றோட்டமே போதும்.

மழையின்போது மட்டும் ஒழுகினால் கூரையின் மேற்பக்கத்தைப் பாருங்கள். வடிகால் துவாரத்தில் இலை அடைத்திருக்கலாம். கூரையும் வீட்டுச் சுவரும் சேரும் மூலையில் இடைவெளி விட்டிருக்கலாம். மயிரிழை விரிசல்கள் இருக்கலாம். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இல்லையென்றால் தண்ணீர் தேங்கும். ஒரு வாரம், பத்து நாள் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். அப்புறம் டிங்கி காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும்.

பழுது பார்க்கும் முறை இதுதான். பாசியையும் பழைய பூச்சையும் சுரண்டிக் கழுவி நன்றாகக் காய விடுங்கள். விரிசலைச் சற்று அகலமாக வெட்டி, வளைந்து கொடுக்கும் சீலன்ட் கொண்டு அடையுங்கள். வெறும் சிமெண்டு, வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும் கூரையில் மீண்டும் பிளக்கும். சுவர் மூலையைச் சாய்வாகப் பூசி, அதன் மேல் கண்ணாடியிழை வலை பதியுங்கள். பிறகு நீர்ப்புகாப் பூச்சை இரண்டு கை, ஒன்றுக்கு ஒன்று குறுக்காக அடியுங்கள். சுவரிலும் ஒரு சாண் உயரம் ஏற்றுங்கள். நம் முன்னோரும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்து மேற்பக்கத்தைத்தானே காத்தார்கள்!

கம்பி வெளியே தெரிந்தாலோ, தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்டாலோ, கூரை தொய்ந்திருந்தாலோ நீங்களே ஏறாதீர்கள். காரை வெளியே நிறுத்திவிட்டுப் பொறியியலாளரை அழையுங்கள்.

புது வீடா? சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதங்களுக்குக் குறைகளைச் சரிசெய்வது மேம்பாட்டாளரின் பொறுப்பு. வாய்மொழியாகச் சொல்லாமல், படம் எடுத்து, தேதியிட்டு எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் கிடைத்த 30 நாள்களுக்குள் அவர் செய்து தர வேண்டும். செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே 50,000 ரிங்கிட் வரை கோரலாம். 24 மாதம் முடிந்த பிறகு 12 மாதங்களுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் நாளைத் தவறவிட்டால், நஷ்டம் நமக்குத்தான்.

வரிசை வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பக்கத்து வீட்டுக் கூரையில் தேங்கும் நீர் நம் பக்கம் இறங்கலாம். சண்டைக்குப் போகாமல், "அண்ணே, வாங்க, சேர்ந்தே பார்ப்போம்" என்று கூப்பிடுங்கள். இரண்டு கூரைக்கும் ஒரே குத்தகையாளரைப் பேசினால் செலவும் குறையும், உறவும் நிலைக்கும்.

இந்த வாரக் கடைசியில் வெயில் அடித்தால், ஏணியைப் பிடிக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு வடிகால் துவாரத்தை மட்டுமாவது பாருங்கள். ஒரு கைப்பிடி இலையை அள்ளிப் போடக் காசு ஆகாது.