ஹெல்த் ஃபாசெட் பிரஷர்: வேகமா அடிச்சாதான் சுத்தமா?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டைத் தாண்டி கரடியூர் பக்கம் வீக்எண்டுக்குத் தங்க வருபவர்களுக்குக் காலைப் பனி, காபி, செல்ஃபி எல்லாமே சூப்பர்தான். பாத்ரூமில் ஹெல்த் ஃபாசெட்டை அழுத்தும்போதுதான் சிலருக்கு 'அய்யோ!' என்று இருக்கும். ஜில்லென்ற தண்ணீர், அதுவும் ஊசி மாதிரி குத்தும். வெளியே வந்து அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

மூலம், ஆசனவாய் வெடிப்பு இருப்பவர்களுக்கும், பிரசவத் தையல் ஆறாத பெண்களுக்கும் இது வெறும் அசௌகரியம் இல்லை, வலி. கூச்சத்தால் பேசாமல் விடுவதால்தான் இந்தப் பிரச்சினை தீராமலேயே இருக்கிறது.

மலையில் ஏன் இவ்வளவு வேகம்?

'ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அதான்!' என்று நினைத்தால் தப்பு. கடல் மட்டத்திலிருந்து ஊர் எவ்வளவு உயரம் என்பது இங்கே கணக்கே இல்லை. தொட்டித் தண்ணீருக்கும் குழாய்க்கும் இடையிலான உயர வித்தியாசம்தான் கணக்கு. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் 1 பார் அழுத்தம் கூடும்.

சமவெளியில் ஒரு மாடி வீட்டின் மேல் தொட்டி இருந்தால், கீழ் பாத்ரூமுக்கு அரை பார் கிடைப்பதே பெரிய விஷயம். மலைச்சரிவில் தொட்டியை வீட்டுக்கு 20 மீட்டர் மேலே மேட்டில் வைத்தால், மோட்டாரே இல்லாமல் 2 பார் வந்துவிடும். சென்னை அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளங்களிலும், பிரஷர் பம்ப் வைத்த வீடுகளிலும் இதே கதைதான்.

பிரஷர்தான் சுத்தமா?

இல்லை. தலைமுறை தலைமுறையாக சொம்பும் மக்கும் வைத்தே கழுவியிருக்கிறோம். அதில் பிரஷர் ஏது? சுத்தம் செய்வது போதுமான தண்ணீரும் கையும் சோப்பும்தான். 'ஃபுல் ஃபோர்ஸ்' என்பது ஷவருக்குப் பெருமையாக இருக்கலாம், இங்கே அது தேவையில்லை.

தென் கொரியாவில் எலக்ட்ரானிக் பிடே வைத்து 2011-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. குறைந்த அல்லது நடுத்தர வேகத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டபோது ஆசனவாய்த் தசையின் இறுக்கம் குறைந்தது. வெந்நீரில் உட்காருவது போன்ற பலன் அது.

சரி, எப்படி செட் பண்றது?

* சுவரில் உள்ள ஆங்கிள் வால்வை முழுசா மூடுங்க. லீவரை அழுத்திக்கிட்டே வால்வை மெல்லத் திறங்க.
* மணிக்கட்டின் உள்பக்கம் தண்ணீரைப் படவிட்டுப் பாருங்க. குத்தக்கூடாது, தடவணும். அந்த இடத்தில் வால்வில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்க.
* முதல் பீச்சு எப்பவும் கோப்பைக்குள்ளேதான். லீவரை விட்டதும் ஹோஸில் முழு அழுத்தமும் ஏறி நிற்கும், அடுத்து அழுத்தும்போது அது ஒரு நொடி சீறும்.
* பெண்கள் முன்னிருந்து பின்னாகக் கழுவுவது நல்லது. பிறப்புறுப்புக்கு உள்ளே பீச்ச வேண்டாம்.
* வேலை முடிந்ததும் வால்வை மூடிடுங்க. ஹோஸ் வெடிக்கிற வாய்ப்பு குறையும்.

வால்வைத் துளி திறந்தாலே சீறுகிறதா? தொட்டியிலிருந்து வரும் லைனில் பிரஷர் ரெட்யூசிங் வால்வு போடச் சொல்லுங்க. லீவரை விட்ட பிறகும் அழுத்தம் ஏறாமல் அது பிடித்துக்கொள்ளும். ரத்தமோ, விடாத வலியோ இருந்தால் பிளம்பரை அல்ல, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

யாருக்காக செட் பண்ணணும்?

வால்வைத் திறந்துவிட்டுப் போவது பெரும்பாலும் வீட்டிலேயே திடமான ஆள். அதைத் தாங்க வேண்டியவர்களோ பாட்டியும் குழந்தையும். அளவு அவர்களுடையதாக இருக்கட்டும். அவர்களுக்கு இதமாக இருப்பது மற்ற எல்லோருக்கும் போதும். வாடகைக்கு அறை விடுபவர்களும் விருந்தாளி வருவதற்கு முன் ஒருமுறை தங்கள் மணிக்கட்டில் அடித்துப் பார்க்கலாம். சொல்லக் கூச்சப்படுகிறவரைச் சொல்ல வைக்காமலே சரிசெய்வதும் உபசரிப்புதான்.