நிரல் கசப்பது ஏன்?

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து, பெங்களூரின் மின்னணு நகருக்கு நாள்தோறும் சென்று மீளும் தமிழ் இளைஞர் பலர். விரும்பி நிரல் எழுதப் புகுந்து, சில ஆண்டுகளிலேயே அத்தொழிலை வெறுப்போரும் அவருள் உளர். ஊதியம் வருகிறது, உள்ளத்தில் ஊக்கம் இல்லை. இதனைச் சோம்பல் என்று பழிப்பது அறியாமை.

கரணியம் வேறு. 1980ஆம் ஆண்டு ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எசு. 50 வண்டி வெளிவந்தது. அதில் திருகாணி முடுக்கிய தொழிலாளி, அவ்வண்டியில் உழவர் பாற்குடம் ஏற்றிச் செல்வதைத் தெருவிலேயே காணலாம். நிரலர்க்கோ அக்காட்சி வாய்ப்பதில்லை. எவரோ எழுதிய நிரலில் எவரோ சுட்டிய பிழையை நீக்கி, அடுத்த பிழைக்குக் காத்திருக்கிறார். பயன்கொள்வார் முகம் தெரியாத உழைப்பு, உழைப்பவரையே உலர்த்திவிடுகிறது.

களைத்த உடலுக்கு ஓய்வு வேண்டும். வறண்ட உள்ளத்திற்கோ தனக்குரிய பணி வேண்டும். அத்தகு பணி இல்லையா? 'தமிழ்' என்னும் சொல் மூன்றெழுத்து என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். ஒருங்குறி முறையிலோ அது ஐந்து குறியீடுகளாகும்: தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி. தமிழ் இலக்கணம் அறியா நிரல், அதனை ஐந்தெழுத்தென்றே எண்ணும். சொல்லைத் தலைகீழாக்கினால் புள்ளியை முதலில் நிறுத்தும்!

இத்தகு குறைகளை நீக்க 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல்தொகுப்பைத் தொடங்கியவர் முத்து அண்ணாமலை. 'எழில்' என்னும் நிரல்மொழியை ஆக்கியவரும் அவரே. அம்மொழியில் 'பதிப்பி' என்று தமிழிலேயே கணிப்பொறியை ஏவலாம். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமோ, பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கி விலையின்றி வழங்கிவருகிறது. அதனை முன்னின்று நடத்திய கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். ஊதியம் தராத இப்பணிகளுக்கு அவர்களை ஈர்த்தது எது? செய்வது யார்க்கு என்னும் தெளிவன்றோ!

உறக்கத்தைத் துறந்து உழைக்குமாறு எவரையும் ஏவுதல் முறையன்று. கிழமைக்கு ஒருமணி நேரம் போதும். ஓசூர்ப் பகுதியில் மலர் பயிரிடுவோர்க்குத் தமிழில் ஒரு வரவுசெலவு நிரல். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் எழுத்து விளையாட்டு. இவ்வளவில் தொடங்கலாம். நிறுவனங்களும் தம் நிரலர்க்குப் பயனாளரை நேரிற் காட்டுதல் வேண்டும்.

தமிழ் இளைஞரே! தொழிலைக் கைவிடுமுன், நும் ஊரார் ஒருவர்க்கு ஒரு நிரல் எழுதித் தருக. அவர் அதனை இயக்குகையில் அருகிருந்து காண்க. கசந்த தொழில் இனிக்கத் தொடங்குவது ஆங்கேதான்.