ரோடு போன நிலத்துக்குப் பணம் வரவில்லையா?

வயலில் ஒரு பகுதியை எடுத்து அரசு ரோடு போட்டுவிட்டது. இழப்பீடு வரவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. ‘இனிமே கோர்ட்டுக்குப் போய் என்ன ஆகப்போகுது?’ என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட வேண்டியதில்லை.

ஹிமாச்சலப் பிரதேசம், ஹமீர்பூர் மாவட்டத்தில் கணவரை இழந்த, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணி. 1967-68ல் அவருடைய நிலத்தை எடுத்து அரசு ரோடு போட்டது. முறைப்படி கையகப்படுத்தவும் இல்லை, பணமும் தரவில்லை. அதே ரோட்டுக்கு நிலம் போன மற்றவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தது தெரிந்து, 2010ல் அவரும் ஹைகோர்ட்டுக்குப் போனார். சிவில் வழக்குப் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். விடாமல் சுப்ரீம் கோர்ட் போனார். ‘இத்தனை வருஷம் நிலம் எங்கள் அனுபவத்தில் இருக்கிறது, இப்போது வந்து கேட்கிறாரே’ என்றது அரசு. 2020 ஜனவரியில் நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, அஜய் ரஸ்தோகி அதை ஏற்கவில்லை. 8 வாரத்தில் இழப்பீடு தர உத்தரவிட்டார்கள். அப்போது அந்த அம்மாவுக்கு வயது சுமார் 80.

சொத்துரிமை இன்று அடிப்படை உரிமை இல்லைதான்; 1978ல் 44வது திருத்தம் அதை நீக்கியது. ஆனால், சட்டப்படி அல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 300ஏ பிரிவு.

இதை நம்பி சும்மா இருந்துவிடாதீர்கள். முறைப்படி அறிவிப்பு கொடுத்து எடுக்கும் நிலத்துக்குக் கெடு கறாரானது. 2013ம் ஆண்டு சட்டப்படி:

* முதல்கட்ட அறிவிப்பு வெளியான 60 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள்.

* தொகை குறைவு என்று நினைத்தால், ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிவிட்டுப் பணத்தை வாங்குங்கள். எழுதாமல் வாங்கினால், கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும்.

* கலெக்டர் இழப்பீட்டு உத்தரவு போடும்போது நீங்கள் ஆஜராகியிருந்தால், கூடுதல் தொகை கேட்டு மனு கொடுக்க 6 வாரம்தான்.

தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தால் சட்டமே வேறு. ஆட்சேபத்துக்கு 21 நாள்தான். அதனால், எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள் என்பதை நோட்டீஸில் முதலில் பாருங்கள்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

முக்கியமாக, பட்டா யார் பேரில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். தாத்தா பேரிலேயே இருந்தால், நோட்டீஸும் தாத்தா பேருக்குத்தான் வரும்!