முதலில் போன், அப்புறம் ரீமேப்

ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி எனக்கு மிகவும் பிடித்த கார். 2013-இல் வந்த மாடலுக்கு 1.6 லிட்டர் டர்போ எஞ்சின், 182 குதிரைத்திறன். பிரிட்டனில் வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகள் எட்டிப் பிடிக்கிற விலையில், வளைவில் அப்படிப் பாய்ந்து திரும்பும் குட்டிக் கார்கள் அதிகம் இல்லை. கொலோன் ஆலையில் ஃபியஸ்டா தயாரிப்பு 2023-இல் நின்றுவிட்டது. இனி செகண்ட் ஹேண்ட்தான். லண்டனில் இருக்கும் அக்கா மகன் அப்படி ஒன்றை வாங்கிய கையோடு ரீமேப் செய்யப் போவதாகச் சொன்னான். இன்சூரன்ஸ்காரர்களிடம் சொன்னாயா என்று கேட்டேன். "சாஃப்ட்வேர்தானே மாமா, பார்த்தா தெரியவா போகுது?" என்றான்.

அவன் ஆசையில் தப்பே இல்லை. டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ள வேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி விழ வேண்டும், எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதையெல்லாம் ஈசியு என்ற கணினி, தன்னிடம் உள்ள அட்டவணைகளைப் பார்த்தே முடிவு செய்கிறது. மட்டமான பெட்ரோல், கொளுத்தும் வெயில், நேரத்துக்குச் செய்யாத சர்வீஸ் எல்லாவற்றையும் எஞ்சின் தாங்கும்படி, தயாரிப்பாளர்கள் அந்த எண்களில் கொஞ்சம் இடம் விட்டு வைக்கிறார்கள். அந்த எண்களை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். டர்போ இல்லாத எஞ்சினில் பெரிதாக ஒன்றும் தேறாது. டர்போ எஞ்சினில் வித்தியாசம் காலை வைத்ததுமே தெரியும். ஃபோர்டின் ஒப்புதலோடு மவுன்ட்யூன் நிறுவனம் விற்ற கிட் இதே எஞ்சினை 215 குதிரைத்திறனுக்கு உயர்த்தியது. ஃபோர்டு வாரண்டியும் அப்படியே இருந்தது. ஆனால் அதையும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும். வாரண்டி தருபவர் வேறு, விபத்துச் செலவைச் சுமப்பவர் வேறு.

முன்பெல்லாம் கேட்காத விவரத்தையும் வாடிக்கையாளரே முன்வந்து சொல்ல வேண்டும் என்றிருந்தது. அது அநியாயமான ஏற்பாடு. 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் அதை மாற்றியது: கேட்ட கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். காரில் மாற்றம் ஏதும் செய்திருக்கிறீர்களா என்று விண்ணப்பமே கேட்கிறது. அஜாக்கிரதையால் தவறாகச் சொல்லியிருந்தால் க்ளெய்ம் விகிதப்படி குறையும். 1,200 பவுண்டு பிரீமியம் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் 800 கட்டியிருந்தால், 6,000 பவுண்டு இழப்புக்கு 4,000தான் வரும். தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் பாலிசியே செல்லாது என்று ரத்து செய்து, கட்டிய பிரீமியத்தையும் நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். என் மருமகன் நினைத்தது இந்த இரண்டாவது வகை. பாலிசி நடப்பில் இருக்கும்போது செய்யும் மாற்றத்தையும் உடனே தெரிவிக்கச் சொல்லி பொதுவாக நிபந்தனை இருக்கும். தெரியாது என்பதும் தவறான நம்பிக்கை. பெரிய விபத்து என்றால் ஈசியுவைத் திறந்து படிக்க ஆள் இருக்கிறது. டியூனரின் ரசீதும், பெருமையாகப் போட்ட வீடியோவும் எங்கும் போய்விடுவதில்லை.

என்னை அதிகம் உறுத்துவது சாலையில் அடிபடப்போகும் மனிதர். 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் புண்ணியத்தால் அவருக்கான நஷ்டஈட்டை நிறுவனம் பொதுவாகக் கொடுத்தே தீர வேண்டும். அது நல்ல சட்டம். ஆனால் கொடுத்த பணத்தை வண்டி ஓட்டியவரிடம் திரும்பக் கேட்க நிறுவனத்துக்கு வழி உண்டு. முதுகெலும்பு உடைந்த ஒருவரின் வாழ்நாள் பராமரிப்புக்குப் பல லட்சம் பவுண்டு ஆகலாம். இருபத்து மூன்று வயதுப் பையன் அதை எங்கிருந்து கொண்டுவருவான்?

இன்னொன்று: பழைய கார் வாங்கும்போது, முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே ரீமேப் செய்திருக்கக்கூடும். விற்பவரிடம் நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் நல்ல டியூனர் ஒருவரிடம் காட்டுங்கள்.

மருமகன் கடைசியில் போன் செய்தான். இருக்கிற நிறுவனம் ரீமேப் செய்த காரை ஏற்காது என்று சொல்லிவிட்டது. மாற்றம் செய்த கார்களுக்கென்றே பாலிசி தரும் நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன, அவற்றில் விசாரித்துக்கொண்டிருக்கிறான். பிரீமியம் கூடத்தான் செய்யும். எவ்வளவு என்று தெரிந்து, ஒப்புதல் மின்னஞ்சலில் வந்த பிறகே வண்டியை டியூனரிடம் விடு என்று சொல்லியிருக்கிறேன்.