திரையிடுவதும் ஓர் அமானிதமே



திரைப்படம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஜமாஅத்துகளில் இரண்டு குரல்கள் எழுகின்றன. "அது மார்க்கத்துக்கு ஆகாதது, பேச்சே வேண்டாம்" என்பது ஒன்று. "எல்லாரும் பார்க்கத்தானே செய்கிறார்கள், விட்டுவிடுங்கள்" என்பது மற்றொன்று. முதற்குரல் பள்ளிவாசலில் ஒலிக்கிறது. இரண்டாவது வீட்டுக்குள் ஒலிக்கிறது. இரண்டுக்கும் நடுவே நம் பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பேசியுடன் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்திருக்கிறார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்பாரில்லை. பார்த்ததைப் பற்றிப் பேச அவர்களுக்கும் ஆளில்லை.

போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலே குரங்கணி மலையடிவாரத்திலும் வாழும் நம் குடும்பங்கள், ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் நல்லதொரு படத்தைத் தேர்ந்தெடுத்து, ஒன்றாக அமர்ந்து பார்த்து, பின்னர் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதே நமது கருத்து.

ஒரு படத்தை எதிர்ப்பது எப்படி என்பது நமக்குத் தெரியும். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்துக்கு எதிராகச் சமுதாய அமைப்புகள் திரண்டன; மாவட்ட ஆட்சியர்கள் தடை விதித்தனர்; பேச்சுவார்த்தைக்குப் பிறகு பிப்ரவரி 7 அன்று தமிழகத்தில் அப்படம் வெளிவந்தது. அந்த எதிர்ப்பின் சரி தவறுகளை நாம் இங்கு ஆராயவில்லை. கேள்வி வேறு. வேண்டாததைச் சொல்ல அத்தனை பேர் கூடினோம். வேண்டியதைத் தேடி எடுத்து நம் பிள்ளைகளுக்குக் காட்ட எத்தனை முறை கூடினோம்?

மார்க்கத்தின் வரம்பை மறந்து இதைச் சொல்லவில்லை. பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டிகளைக் கொண்டு விளையாடியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மனநிறைவு அடையும் வரை பார்ப்பதற்கு நபி (ஸல்) அவர்கள் உடனிருந்து உதவிய செய்தி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. குடும்பத்தினரின் நியாயமான மகிழ்ச்சிக்கு இடமளிப்பதும், அதில் உடனிருப்பதும் சுன்னத்துக்கு அந்நியமல்ல. ஆயினும் இசை, உருவம் ஆகியவை பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே திரையிடல் பள்ளிவாசலில் வேண்டாம். திருமண மண்டபமோ பள்ளிக்கூட அரங்கமோ போதும். உள்ளூர் ஆலிமின் ஆலோசனையை முதலில் பெற வேண்டும். வர விரும்பாதவரை வற்புறுத்துவதும் குறை கூறுவதும் கூடாது.

எந்தப் படத்தில் தொடங்குவது? ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி 1997-இல் எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்தை முன்மொழிகிறோம். தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட ஏழைச் சிறுவன், தகப்பனாருக்குச் சுமையாகிவிடும் என்று அதை மறைத்து, தன் ஒரே சோடிக் காலணியை அவளுடன் மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்குச் செல்லும் கதை அது. அதில் ஒரு காட்சி. பள்ளிவாசலுக்குரிய சர்க்கரைக் கட்டிகளைத் தகப்பனார் வீட்டில் உடைத்துக்கொண்டிருக்கிறார். தம் தேநீருக்குச் சர்க்கரை கேட்கிறார். இவ்வளவு சர்க்கரை முன்னால் இருக்கிறதே என்கிறாள் மகள். அது பள்ளிவாசலுடையது, நம்மை நம்பிக் கொடுத்தது என்று சொல்லிவிடுகிறார் அவர். அமானிதம் பற்றி ஒரு மணி நேரம் பயான் கேட்டு நெளியும் சிறுவன்கூட, அந்தக் காட்சியை மறக்க மாட்டான்.

அமானிதத்தைச் சொல்லும் படத்தைத் திருட்டுப் பிரதியில் காட்டலாமா? இங்குதான் நமது நேர்மை சோதிக்கப்படுகிறது. வீட்டில் சந்தா கட்டிப் பார்க்கும் உரிமை வேறு. மண்டபத்தில் ஊரைக் கூட்டிக் காட்டும் உரிமை வேறு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பின்னதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். பொதுவில் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்கிறது 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம். கடிதம் எழுதி, கட்டணம் கேட்டு, இசைவு கிடைத்த பிறகே நாள் குறிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேறு படத்தைத் தேட வேண்டும். நல்ல நோக்கம் பிறர் உடைமையை நமக்கு ஹலாலாக்கிவிடாது.

நேரத்தைத் தொழுகையே வகுத்துத் தருகிறது. ஞாயிறன்று லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட பொழுதில் ஒன்றரை மணி நேரப் படமும் அரைமணி நேரக் கலந்துரையாடலும் அடங்கிவிடும். வார நாள்கள் உதவா. போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு விடியலிலேயே ஜீப்பில் ஏறிச் செல்லும் பெண்களுக்கு ஞாயிறுதான் சற்று மூச்சு விடும் நாள். அவர்களுக்குரிய இடம் கடைசி வரிசையாகவோ தடுப்புக்குப் பின்னால் திரையே தெரியாத மூலையாகவோ இருக்கலாகாது. வசன எழுத்துகளைப் படிக்க இயலாத முதியவர்களுக்குப் படம் தொடங்குமுன் கதைச்சுருக்கத்தைத் தமிழில் சொல்லிவிடலாம்.

இரண்டாவது படம் நம் மண்ணிலேயே இருக்கிறது. 2018-இல் குரங்கணி மலை இருமுறை தமிழகத்தின் கண்ணுக்கு வந்தது. மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத் தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று, இந்த மலைத்தொடரின் ஏலக்காட்டு உழைப்பாளிகளைக் கதையாகக் கொண்ட, லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' வெளிவந்தது. விஜய் சேதுபதி தயாரித்த அப்படத்துக்கு இசை, இதே மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. ஏல மூட்டையைத் தலையில் சுமந்து மலையிறங்கும் ஒரு கூலித் தொழிலாளி, ஒரு துண்டு நிலத்துக்காக வாழ்நாளைச் செலவிட்டு, இறுதியில் அந்நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாகிறான்.

இதை நாம் பார்க்க வேண்டியதற்குத் தனிக் காரணம் உண்டு. போடியில் ஏலக்காய் ஏலம் விடப்படுகிறது. அவ்வணிகத்தில் நம் சமுதாயத்தாருக்கும் பங்கு உண்டு. மூட்டை மண்டிக்கு வந்த பிறகுதான் பலருக்கு அது கண்ணில் படுகிறது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர், அந்த வியர்வை எந்த ஒற்றையடிப் பாதையில் சிந்தியது என்பதைப் பார்ப்பது தகும். போடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குரங்கணியிலேயே அதைத் திரையிடலாம். சுமப்பவரும் விற்பவரும், முஸ்லிமும் பிறரும் ஒரே பாயில் அமர்ந்து பார்க்கலாம். படம் முடிந்ததும் முதலில் பேச வேண்டியவர் சுமப்பவரே.

"இன்று நல்ல படம் என்பீர்கள், நாளை எதையும் காட்டுவீர்கள்" என்று பெரியவர்கள் அஞ்சுவது புரிகிறது. அந்த அச்சத்துக்கு மறுமொழி ஒழுங்குதான். ஓர் ஆலிம், ஓர் ஆசிரியர், ஒரு தாய் என மூவரேனும் முழுப்படத்தையும் முன்கூட்டிப் பார்க்கட்டும். மூவரும் ஒப்பினால் மட்டுமே திரையிடலாம். வரவு செலவைப் பலகையில் எழுதி வைக்கலாம். இவ்வளவு காவல் நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு இன்று இல்லை என்பதையும் அப்பெரியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

பார்வையும் செவியும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று குர்ஆன் எச்சரிக்கிறது. அந்த விசாரணை பிள்ளைகளுக்கு மட்டுமன்று, அவர்களைத் தனியே விட்டுவிட்ட நமக்கும் உண்டு. நல்லதைத் தேர்ந்து பார்க்கும் கண்ணை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.