கதிர்காமன் பெயர் தாங்கிய கடற்படைத் தளபதி

இலண்டன் வாழ் முருக பக்தர்களுக்குக் கதிர்காமம் புதிய பெயரல்ல. அத்தலத்தின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட ஒரு தமிழர் பத்தாண்டு காலம் இலங்கைக் கடற்படையை நடத்தினார் என்பதை நம் இளையோர் பலர் அறியார். அவரே றியர் அட்மிரல் ராஜன் கதிர்காமர்.

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட கிறிஸ்தவக் குடும்பம். தந்தையார் கொழும்பில் பெயர்பெற்ற புரொக்டர். சகோதரர்களில் சாம் வழக்கறிஞர். செல்வநாதன் தரைப்படையில் மேஜர். கடைசித் தம்பி லக்ஷ்மன் இலண்டன் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டராகி, பின்னாளில் வெளிநாட்டு அமைச்சராகி, 2005 ஆகஸ்ட் 12இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

ராஜன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொண்டர் கடற்படையிற் சேர்ந்தார். 1950 டிசம்பரில் றோயல் இலங்கைக் கடற்படை அமைந்தபோது அதன் தளபதி ஓர் ஆங்கிலேயர். 1956இன் சிங்களச் சட்டமும் 1958இன் கலவரமும் கடந்து, 1960இல் அப்பொறுப்பு இத்தமிழரிடம் வந்தது.

1962இல் அரசைக் கவிழ்க்கும் சதி முயற்சி வெளியானது. முன்னைய தளபதியே குற்றஞ்சாட்டப்பட்டார். அதன்பின் கடற்படை சுருங்கியது; கப்பல்கள் விற்கப்பட்டன. எஞ்சியதைக் கட்டிக் காத்து 1970இல் ராஜன் ஓய்வு பெற்றார்.

மற்றொரு தமிழர் அப்பதவிக்கு வர 47 ஆண்டுகள் சென்றன. 2017இல் வந்த டிராவிஸ் சின்னையா இருந்ததோ ஏறத்தாழ இரண்டே மாதங்கள்.

கதவு ஒருகாலம் திறந்திருந்ததையும், பின்னர் நெடுநாள் மூடிக் கிடந்ததையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது பெரியோர் கடமையாகும்.