ஒரு வட்டி விகிதமும் ஒரு ஓக் மரமும்

ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் பேப்பருக்காக நெட் பிரசன்ட் வேல்யூ கணக்கை ஐம்பது தடவையாவது போட்டிருப்பேன். எல்லாமே மெஷின்தான். மெஷின் ஏ வாங்கலாமா, மெஷின் பி வாங்கலாமா? ஐந்து வருடம் ஓடும், அப்புறம் காயலான் கடை. வட்டி விகிதம் 10 சதவீதம் என்று கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். ஏன் 10 என்று யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

இந்த மாதிரிக் கணக்கை 1849-லேயே ஒரு ஜெர்மன் வனக்காரர் போட்டிருக்கிறார். பெயர் மார்ட்டின் ஃபாஸ்ட்மன். 1822-ல் கீசன் நகரில் பிறந்தவர். அவருக்கு முன்னால் இருந்த கேள்வி இதுதான்: மரமே இல்லாத வெறும் காட்டு நிலத்துக்கு என்ன விலை?

அவர் சொன்ன பதில் ரொம்ப அழகு. ஒரு தடவை நட்டு வெட்டுவதோடு கணக்கை நிறுத்தாதே. வெட்டியதும் மறுபடி நடுவாய், மறுபடி வெட்டுவாய். முடிவில்லாமல் போகும் அந்த வரவு செலவு முழுவதையும் கூட்டு வட்டி போட்டு இன்றைய மதிப்புக்குக் கொண்டுவா. அதுதான் நிலத்தின் விலை. பெரிய பொருளாதார மேதைகளே சறுக்கிய இடத்தில் இவர் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று நோபல் பரிசு பெற்ற பால் சாமுவேல்சன் 1976-ல் எழுதினார்.

சரி, இப்போது கால்குலேட்டரை எடுங்கள். நூறு வருடம் கழித்து ஒரு லட்சம் ரூபாய் தரப்போகும் மரம். 3 சதவீத வட்டியில் இன்றைய மதிப்பு சுமார் 5,200 ரூபாய். 5 சதவீதத்தில் 760. நம் பாடப்புத்தகத்தின் 10 சதவீதத்தில்? ஏழு ரூபாய் சொச்சம். ஒரு டீக்குக்கூடப் பத்தாது!

மரமும் அதேதான், நிலமும் அதேதான். மாறியது வட்டி மட்டும். வட்டி ஏற ஏற, சீக்கிரம் வளரும் மரத்தை நட்டு சீக்கிரம் வெட்டு என்றுதான் கணக்கு சொல்லும். 1858-லிருந்து தாரண்ட் வனக்கல்லூரியின் பிரெஸ்லர் இந்த வழியைப் பலமாகப் பிரச்சாரம் செய்தார். ஓக்கும் பீச்சும் தோற்றன, ஸ்ப்ரூஸ் ஜெயித்தது. ஒரே மரத்தை நம்பாதீர்கள், கலந்து வளருங்கள் என்று மியூனிக்கின் கார்ல் காயர் 1886-ல் புத்தகமே எழுதினார். ஆனாலும் ஸ்ப்ரூஸ் தோப்புகள் பெருகின. 2018-ல் தொடங்கிய வறட்சியிலும் பட்டை வண்டிலும் ஹார்ஸ் மலையின் ஸ்ப்ரூஸ் காடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

உடனே ஃபார்முலாதான் வில்லன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெறும் நிலத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று காட்டியதே அந்த ஃபார்முலாதான். என் வாதம் வேறு. வட்டி விகிதம் கணக்குக்குள்ளிருந்து வருவதில்லை, கணக்கு போடுகிறவர்தான் அதை உள்ளே வைக்கிறார். நமக்குப் பின்னால் வருகிறவர்களை எவ்வளவு மதிக்கிறோம் என்பதுதான் அந்த எண்.

தன் ஆயுளுக்குள் பணம் பார்க்க வேண்டிய ஒரு ஆள் அதிக வட்டி வைப்பது நியாயம்தான். ஆனால் ஜெர்மனியில் நகரங்களுக்கும் சொந்தமாகக் காடு உண்டு. ஃபிராங்க்ஃபர்ட் நகரம் 1372-ல் பேரரசர் நான்காம் கார்லிடம் 8,800 குல்டன் கொடுத்து வாங்கிய காடு இன்னும் அந்த ஊருக்குப் பக்கத்தில் நிற்கிறது. தனி ஆளின் அவசரம் ஒரு நகரத்துக்கு எதற்கு? அது அவ்வளவு சீக்கிரம் சாகப்போவதில்லையே. நகரக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் வனக்காரர் கவுன்சிலிடம் முதலில் கேட்க வேண்டியது பட்ஜெட் அல்ல, "எத்தனை சதவீதம்?" என்பதைத்தான்.

ஃபாஸ்ட்மன் 1876-ல் இறந்துபோனார். அவர் கட்டுரை எழுதிய 1849-ல் யாரோ ஒருவர் ஒரு ஓக் கன்றை நட்டிருந்தால், 180 வருடச் சுழற்சிப்படி அது 2029-ல்தான் வெட்டுக்கு வரும். அந்த வருடத்துக் கணக்கே இன்னும் முடியவில்லை. நாமோ ஐந்தாம் வருடக் கடைசியில் கோடு போட்டு மூடிவிடுகிறோம்.

அடுத்த தடவை கேள்வித்தாளில் 10 சதவீதம் என்று பார்த்தால், கணக்கைப் போட்டுவிடுங்கள், மார்க் முக்கியம் :-) போட்டு முடித்ததும், அந்த 10-ஐ யார் வைத்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.